பெரியவர் தனியாக நிற்கிறார்

எங்கள் திணைக்களத்தின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் பென்சனுக்கு ஆபத்து. ஒரு மேசையில் கிடக்கும் தாளை இன்னொரு மேசைக்கு நகர்த்துவதும், அது திரும்பி வரும்வரை தேத்தண்ணி குடிப்பதும்தான் எங்கள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை மன்னார் நகரத்தில் இருந்தும் செய்யலாம். ஆனால் என்னைக் கொண்டுபோய் வெள்ளாங்குளத்தில் போட்டிருந்தார்கள். என் வீடு மன்னார்த் தீவில், தோட்டவெளியில். வெள்ளாங்குளம் மாவட்டத்தின் வடக்கு முடிவு. அதற்கு அப்பால் இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் நான் கிளிநொச்சிக்காரியாகியிருப்பேன். தினமும் போய்வர பஸ் நேரம் ஒத்துவராது. ஆகவே கிழமை நாட்களில் அங்கே ஒரு வீட்டின் பின் அறையில் குடியிருந்து, வெள்ளி பின்னேரம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, ஞாயிறு பூசை கண்டு, பின்னேரமே திரும்பவும் பஸ் ஏறுவேன்.

மனுசன் கடலுக்குப் போகிறவர். விடியக் கரைக்கு வந்து பகலில் நித்திரை கொள்கிற ஆள். எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. அவளைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, தலை இழுத்து நேசறிப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டதெல்லாம் என் மச்சாள், அவருடைய தங்கச்சி, மகளுக்கு மாமி. மச்சாளில் ஒரு குறை சொல்ல ஏலாது. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பையோடு வாசலில் வந்து நின்றேன். மகள் விறாந்தையில் விளையாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, முன்னறையில் வந்தவர்களுக்கென்று வைத்திருக்கும் கதிரையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். "வாங்கோ, இருங்கோ" என்றாள். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"மாமி! ஆக்கள் வந்திருக்கினம்!"

அந்த ஆக்கள் நான்தான். நான் கதிரையில் இருந்தேன். மச்சாள் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தேன். பிள்ளை விளையாட்டுக்குச் சொன்னதென்று எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய், முகம் கழுவுகிற சாட்டில் வாய்விட்டு அழுதேன். எப்படியாவது மன்னாருக்கு இடமாற்றம் எடுப்பதென்று அந்தக் கிணற்றடியில்தான் முடிவு செய்தேன்.

இடமாற்றம் கொடுக்கிறவர் மாகாணத்துக்கே பொறுப்பானவர். அவருடைய பதவிப் பெயரைச் சொல்லி முடிக்க மூச்சு வாங்கும். ஆகவே பியோன் தொடக்கம் கணக்காளர் வரைக்கும் எல்லாரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். "பெரியவர் வாறாராம்" என்று ஒரு ஃபோன் வந்தால் போதும், வருடக்கணக்காகத் துடைக்காத அலுமாரிகள் எல்லாம் துடைபடும். உருவத்திலும் அவர் பெரியவர்தான். கதவால் உள்ளே வரும்போது அறையில் வெளிச்சம் குறையும்.

அவரிடம் நான் போய்க் கேட்காமல் இல்லை. பல தடவை கேட்டிருக்கிறேன். "சேர், என்ர பிள்ளை" என்று தொடங்குவேன். ஃபோன் அடிக்கும். எடுத்துக் கதைப்பார், சிரிப்பார், யாருக்கோ கோபிப்பார். கதைத்து முடிந்து நிமிர்ந்தால், நான் ஏன் நிற்கிறேன் என்பது அவருக்கு மறந்திருக்கும். "ஆ, பாப்பம்" என்பார். எங்கள் திணைக்களத்தில் "பாப்பம்" என்பதற்கு ஒரே அர்த்தம்தான்: போய்வாருங்கள். "சேர், என்ர பிள்ளை" என்பதற்கு அப்பால் நான் ஒருநாளும் போனதில்லை.

இப்படியிருக்கும்போது பெரியவருக்கு இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் கூடிவிட்டது. வைத்தியர் நடக்கச் சொன்னார். வைத்தியர் அவருக்கு எழுதிக் கொடுத்த நடையை அவர் எங்கள் எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு மாவட்டத்திலும் உத்தியோகத்தர்கள் அவரோடு சேர்ந்து ஒருநாள் நடக்க வேண்டும். ஒற்றுமை வளருமாம். மற்ற மாவட்டங்களில் நடந்தவர்களுக்கு என்ன வளர்ந்ததென்று கேட்டோம். கொப்புளம் என்றார்கள்.

மன்னாரின் முறை வந்தபோது எங்கள் மாவட்டக் கந்தோர்த் தலைவி, அவரை மேடம் என்போம், கடற்கரையில் நடப்போம் என்றார். பெரியவருக்குக் கடற்கரை பிடிக்கவில்லை. அவருக்குப் பழங்காடு வேண்டுமாம், மனிதக் கை படாத காடு. மறிச்சுக்கட்டிக்கு அப்பால் வில்பத்து இருக்கிறது. ஆனால் பூங்காவுக்குள் வாகனத்தில் போகலாமே தவிர நடக்க விடமாட்டார்கள். அதன் வடக்கு ஓரத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஒதுக்குக் காட்டில், அனுமதி எடுத்து, காவலுக்கு வனத் திணைக்களத்து ஆள் ஒருவரும் வந்தால் நடக்கலாம் என்று மேடம் கேட்டறிந்து வந்தார். கூடவே இன்னொரு தகவலும் கொண்டுவந்தார். "உள்ளுக்குச் சிக்னல் ஒண்டும் இல்லையாம். ஃபோன் வேலை செய்யாதாம்."

மற்ற எல்லாரும் ஐயோ என்றார்கள். நான் மட்டும் என் பெயரை முதலாவதாகக் கொடுத்தேன். ஃபோன் அடிக்காத இடத்தில் பெரியவரை ஒரு பத்து நிமிடம் தனியாகப் பிடித்தால், "என்ர பிள்ளை" என்பதற்கு அடுத்த வசனத்தையும் சொல்லிப் பார்க்கலாம் அல்லவா? அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன்.

வான் மன்னாரிலிருந்து விடியவே வெளிக்கிட்டது. ஓட்டியவர் எங்கள் வெள்ளாங்குளக் கந்தோர்ச் சாரதி, வயற்காரக் குடும்பம். வாய் ஓயாத மனிதர். நெல் விலை, தேர்தல், தன் மாமியாரின் சலரோகம் என்று சிலாவத்துறை வரைக்கும் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. மறிச்சுக்கட்டி தாண்டி இரண்டு பக்கமும் காடு தொடங்கியதும் மனிதர் வாயை மூடினார். மேடம் பின்னால் இருந்து, "டிரைவர், இந்தப் பக்கம் யானை வருமோ?" என்று கேட்டார்.

சாரதி நாக்கைக் கடித்தார். "மேடம், இதில வைச்சு அந்தக் கதை கதையாதேங்கோ."

பயந்தாங்கொள்ளி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

காட்டு வாசலில் வனத் திணைக்கள உத்தியோகத்தர் காத்து நின்றார். புதிதாக வேலைக்கு வந்தவர், சட்டம் முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தார். ஒரு இலை பிடுங்கக்கூடாது, ஒரு கொப்பு முறிக்கக்கூடாது, உள்ளே இருந்து ஒரு கல்லைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது, சத்தம் போடக்கூடாது என்று ஒப்புவித்தார். பெரியவருக்காக மேடம் ஒரு வரவேற்புப் பாட்டு எழுதி எங்களைக் கொண்டு பாடிப் பழக்கியிருந்தார். "பாட்டும் கூடாதோ?" என்று கேட்டார். கூடாது என்றார் உத்தியோகத்தர். எனக்கு அப்போதே அந்தக் காடு பிடித்துவிட்டது.

அவர் ஒப்புவித்து முடிப்பதற்குள் சாரதி ஒரு பச்சைக் கொப்பைப் படக்கென்று முறித்து, ஒரு மரக்கவட்டில் தொங்கவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பெருநிலத்துச் சைவச் சனம் காட்டுக்குள் கால் வைக்க முன்பு பிள்ளையாருக்கு இப்படி ஒரு கொப்பு முறித்து வைப்பார்கள்.

"இது குற்றம்," என்றார் உத்தியோகத்தர்.

"வைக்காமல் போனா அதைவிடக் குற்றம்," என்றார் சாரதி.

மேடம் நடுவில் புகுந்தார். கீழே விழுந்து கிடக்கும் காய்ந்த கொப்பை வைத்தால் என்ன என்று சமரசம் பேசினார். "காய்ஞ்ச கொப்பு வைச்சா காய்ஞ்ச காவல்தான் கிடைக்கும்," என்று சாரதி முணுமுணுத்தார். சரி, முறித்ததை எடுத்து வெளியே எறியுங்கள் என்றால், காட்டிலிருந்து ஒன்றையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. உத்தியோகத்தர் நெடுநேரம் யோசித்தார். கடைசியில் கொப்பு தொங்கின இடத்திலேயே தொங்கியது.

நடக்கத் தொடங்கினோம். முன்னால் பெரியவர், கையில் ஊன்றி நடக்கப் புத்தம் புதிய அலுமினியப் பொல்லு, தலையில் தொப்பி, மணிக்கட்டில் காலடியை எண்ணுகிற மணிக்கூடு. களைத்துப்போய் நின்றாலும் கையை மட்டும் ஆட்டிக்கொண்டே நிற்பார். கையை ஆட்டினால் மணிக்கூடு அதையும் நடையென்று எண்ணிவிடுமாம். மேடமும் பக்கத்தில் நின்று அதற்கேற்ற மாதிரித் தன் கையை ஆட்டினார். மேடத்திடம் மணிக்கூடே இல்லை.

எங்கள் தீவில் காடென்றால் உடைமரமும் அதன் கீழே நிற்கும் கழுதையும்தான். கடற்கரையில் வளர்ந்தவளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரம் தெரியவேண்டும். இங்கே கண்ணுக்குத் தெரிந்தது எனக்கு முன்னால் போன கணக்காளரின் முதுகு மட்டும்தான். வீரையும் பாலையும் முதிரையும் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. சில பாலை மரங்களை நாலுபேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஒரு பச்சை இருட்டு. எங்கோ ஒரு பறவை கதவு கிறீச்சிடுவதைப் போலக் கத்தியது. ஒப்புக்கொள்ள மனமில்லை, ஆனால் அழகாக இருந்தது. வெள்ளாங்குளத்துப் பின் அறைக்குப் போன நாள் தொடக்கம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

"இந்த மரமெல்லாம் எங்கட பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முந்தினது," என்றார் வன உத்தியோகத்தர்.

"அப்படியோ?" என்று பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

பாலைப்பழக் காலம். நிலமெல்லாம் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தது. விழுந்த பழத்தைத் தின்னலாமா என்பதற்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், பெரியவர் இரண்டு கைநிறைய அள்ளித் தின்றார். பாலைப்பழம் இனிப்புத்தான், ஆனால் பால் ஒட்டும். கொஞ்ச நேரத்தில் அவருடைய உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு, என்ன சொன்னாலும் "ம்ம்" என்ற சத்தம் மட்டும் வந்தது. "பாப்பம்" என்று சொல்ல முடியாத நிலையில் ஒரு மேலதிகாரி! இதைவிட நல்ல நேரம் இனி எப்போது வரும்? நான் எட்டி நடந்தேன். ஆனால் மேடம் தண்ணீர்ப் போத்தலோடு அவரை விட்டு விலகவேயில்லை.

உண்ணி வேறு. பதவி பார்த்துக் கடிக்கத் தெரியாத உயிர் அது. சிற்றூழியர் தொடக்கம் மாகாணப் பொறுப்பதிகாரி வரைக்கும் எல்லாரும் ஒரே இடத்தில் சொறிந்துகொண்டு நடந்தோம். உண்மையில் ஒற்றுமை வளர்ந்தது அந்த நேரத்தில்தான்.

காட்டுக்குள் ஒரு பழைய குளம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம். குளத்துக்குக் கிட்ட வரும்போது மேடத்தின் சால்வை சூரை முள்ளில் நன்றாக மாட்டிக்கொண்டது. முள்ளை முறிக்கக் கூடாது, சால்வையைக் கிழிக்க மேடம் விடமாட்டார். வன உத்தியோகத்தர் குந்தியிருந்து ஒவ்வொரு முள்ளாகக் கழற்றத் தொடங்கினார். எல்லாரும் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். இந்தச் சந்தடியில் பெரியவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து, குளத்துப் பக்கமாகப் பத்தைகளுக்குள் ஒதுங்கிப் போனதை நான் ஒருத்திதான் கண்டேன். பாலைப்பழம் வேலையைக் காட்டியிருந்தது.

நானும் மெல்ல நழுவி அதே பக்கம் போய்க் கொஞ்சத் தூரத்தில் நின்றேன். அப்போது முன்னால் தண்ணீர் பார்க்கப் போயிருந்த சாரதி கால் நிலத்தில் படாதமாதிரி நடந்து வந்தார்.

"மிஸ், நில்லுங்கோ. அங்கால போகாதேங்கோ," என்று வாய்க்குள்ளேயே சொன்னார். "குளத்தடியில பெரியவர் நிக்கிறார்."

"தனியவோ?"

"ஓம், தனிய."

"என்ன செய்யிறார் அண்ணை?"

"தண்ணி குடிச்சிட்டு சும்மா நிக்கிறார்."

"கோபமா நிக்கிறாரோ?"

"இப்ப சாந்தந்தான். ஆனா தனிய நிக்கிற ஆளை நம்பேலாது மிஸ். எந்த நேரம் எப்பிடி மாறுவாரெண்டு தெரியாது. கிட்டப் போனா அவ்வளவுதான்."

எங்கள் பெரியவரைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"நீங்கள் அசையாமல் இதில நில்லுங்கோ," என்றார் சாரதி. "நான் போய் மற்ற ஆக்களை மறிச்சுப்போட்டு வாறன்."

எனக்காக மற்றவர்களை மறிக்கப் போகிறாரே, இந்த மனிதனையா பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன் என்று வெட்கப்பட்டேன். அவர் முதுகு மறைந்ததும் குளத்தை நோக்கி நடந்தேன்.

ஒரு பெரிய வீரை மரத்துக்கும் பத்தைக்கும் அப்பால் கொப்புகள் முறியும் சத்தம் கேட்டது. சட்டத்தை மதிக்கிற வழக்கம் அவருக்கு எந்நாளும் இருந்ததில்லை. மூச்சு வாங்குவதும் கேட்டது. நடந்து களைத்த மனிதர், பாவம். வயிறு இரைகிற சத்தம்கூட வந்தது. அந்த நிலையில் உள்ள ஒரு ஆம்பிளையைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கதைப்பது? நான் மரியாதையாகத் திரும்பி, பத்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"சேர், குறை நினையாதேங்கோ. நான் அங்கால பாக்கேல்ல. நீங்கள் ஆறுதலா இருங்கோ. நான் சொல்லுறதை மட்டும் ஒருக்காக் கேளுங்கோ."

ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. போ என்று சொல்லவில்லை.

"சேர், என்ர பிள்ளை," என்று தொடங்கினேன். பழக்கத்தில் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். ஃபோன் அடிக்கவில்லை. பிறகு எங்கிருந்து வந்ததென்று தெரியாது, எல்லாம் வந்தது.

"என்ர பிள்ளை என்னைப் பாத்து ஆக்கள் வந்திருக்கினம் எண்டு சொல்லுது சேர். கதிரை இழுத்துப் போட்டு இருங்கோ எண்டுது. அவள் நேசறிக்குப் போன முதல் நாள் நான் வெள்ளாங்குளத்தில தாள் அடுக்கிக்கொண்டு இருந்தனான். அழுதவளோ எண்டு மச்சாளைக் கேட்டன். இல்லையாம் சேர். ஒரு சொட்டுக்கூட அழேல்லையாம். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு. காய்ச்சல் வந்து மாறினதும் எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும். நித்திரையில புலம்பினாலும் மாமி எண்டுதான் கூப்பிடுறாள். நான் பக்கத்தில படுத்திருக்கிறன் சேர், மாமி எண்டுறாள். நான் சொகுசுக்கு இடமாற்றம் கேக்கேல்ல. அவள் என்னை ஒரேயடியா மறக்க முந்தி நான் வீட்டை போகவேணும். வேற ஒண்டும் இல்லை."

கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. பின்னால் ஒரு சத்தமும் இல்லை, "பாப்பம்" இல்லை. எங்கள் திணைக்களத்தில் ஒருவர் இவ்வளவு நேரம் இன்னொருவர் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

"என்ன சேர் சொல்லுறீங்கள்?"

ஈரச் சேலையை உதறினது போலப் படக், படக் என்று ஒரு சத்தம். மரியாதையை விட்டுவிட்டுத் திரும்பினேன். பத்தைக்கு மேலால் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் தெரிந்தது. இங்கே யார் சுவர் கட்டினார்கள் என்று நினைத்தேன். சுவரில் ஒரு கண் இருந்தது. சின்னக் கண், நீள நீளமான இமைமயிர். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

காட்டுக்குள் அதன் பெயரைச் சொன்னால் கூப்பிட்டது மாதிரியாகிவிடும் என்று வெள்ளாங்குளப் பக்கத்தார் பெரியவர் என்றுதான் சொல்வார்களாம். தீவில் பிறந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? எங்களிடம் இருப்பது கழுதை. அதற்கு ஒருவரும் மரியாதைப் பெயர் வைக்கவில்லை.

மாதாவே என்று மனதுக்குள் மட்டும் சொன்னேன். யானை இன்னும் கொஞ்சம் நின்றது. பிறகு, பெரியவர்கள் கூட்டம் முடிந்து எழும்பிப் போவது போல, ஆறுதலாகத் திரும்பிப் போனது. அவ்வளவு பெரிய உடம்பு போன சத்தமே கேட்கவில்லை.

அது போன பிறகு, வீரை மரத்தின் மற்றப் பக்கத்துப் பத்தையிலிருந்து எங்கள் பெரியவர் தவழ்ந்து வந்தார். ஒரு கையில் பெல்ட், மற்றக் கையில் பொல்லு, தொப்பி இல்லை. குந்தியிருந்த இடத்திலேயே யானையைக் கண்டு அசைய முடியாமல் இருந்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார். "ம்ம், ம்ம்" என்றுதான் வந்தது. அது பாலைப்பழமோ பயமோ தெரியாது.

மத்தியானம் மறிச்சுக்கட்டியில் ரோட்டோரம் ஒரு மரநிழலில் வானை நிறுத்தி, சோற்றுப் பார்சல்களைப் பிரித்தோம். பெரியவருக்குப் பேச்சு வந்துவிட்டது. எழும்பி நின்று எல்லாரையும் கூப்பிட்டார்.

"நான் கண்ணால கண்டனான். இந்தப் பிள்ளை யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு கதைச்சது! முதுகைக் காட்டிக்கொண்டு! என்னைக் காப்பாத்தத்தான் அது அந்த யானையைச் சேர் சேர் எண்டு கூப்பிட்டுக் கதையில பிடிச்சு வைச்சது." என் பக்கம் திரும்பினார். "அதுகும் என்ன கதை! தாயைத் தெரியாத பிள்ளை, கதிரை இழுத்துப் போடுறது. அந்தப் பயத்துக்குள்ளயும் எப்பிடி அப்பிடி ஒரு கதையைக் கட்டினீங்கள்? பத்தைக்குள்ள இருந்த எனக்கே கண் கலங்கிப்போச்சு."

எல்லாரும் கைதட்டினார்கள்.

"வெள்ளாங்குளம் யானை வாற இடம்," என்று அவர் தொடர்ந்தார். "இப்பிடியான உத்தியோகத்தர்தான் அங்க இருக்கவேணும். நான் இருக்கிற வரைக்கும் இவவை அங்கயிருந்து ஒருத்தரும் அசைக்கேலாது. இது என்ர வாக்கு."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். மேடம் என் தொடையில் கிள்ளி, "எழும்பி நன்றி சொல்லுங்கோ," என்றார். சாரதி மட்டும் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கியிருந்தது.

எழும்பினேன். வீரப் பெண் என்று பெயர் எடுப்பது இலகுவாக இருந்தது. ஆனால் என் பிள்ளையை நான் கட்டின கதை என்று சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு ஆத்திரம் எனக்கு என் வாழ்க்கையில் வந்ததில்லை.

"அது கட்டின கதை இல்லை சேர். உண்மை. யானைக்குச் சொன்னதும் இல்லை. உங்களுக்குச் சொன்னது. பெரியவர் தனிய நிக்கிறார் எண்டு டிரைவர் அண்ணை சொன்னவர். நான் நீங்கள்தான் எண்டு நினைச்சுப்போட்டன்."

யாரோ விக்கினார்கள். மேடத்தின் கையிலிருந்த அப்பளம் முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"யானையை," என்றார் பெரியவர். "நான் எண்டு."

"ஓம் சேர்."

"வித்தியாசம் தெரியேல்லையோ உங்களுக்கு?"

"தெரிஞ்சது சேர். அவர் கடைசிவரைக்கும் நிண்டு கேட்டவர்."

அந்த நேரம் பார்த்து அவருடைய ஃபோன் அடித்தது. ரோட்டோரத்தில் சிக்னல் நன்றாக இருந்தது. அவர் ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சோற்றுப் பார்சலோடு வாய் திறந்து நிற்கும் தன் உத்தியோகத்தர்கள் எல்லாரையும் பார்த்தார். ஒரு யானையைவிடத் தான் குறைந்தவர் என்று இத்தனை பேருக்கு முன்னால் காட்டிக்கொள்ள எந்த மேலதிகாரிக்குத்தான் மனம் வரும்? ஃபோனை நிறுத்தி வைத்தார்.

"சொல்லுங்கோ," என்றார். "முதலில இருந்து சொல்லுங்கோ."

சொன்னேன். காட்டுக்குள் சொன்ன மாதிரி வரவில்லை. அவர் வெயிலில் வேர்க்க வேர்க்க அசையாமல் நின்று கேட்டார். கையைக்கூட ஆட்டவில்லை.

அடுத்த மாதமே மன்னாருக்கு இடமாற்றம் வந்தது. துணிச்சலுக்குக் கிடைத்த பரிசு என்று மேடம் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இடமாற்றத்துக்குக் காத்திருந்த வேறு இரண்டு பேர், அடுத்த நடை எப்போது என்று சாரதியிடம் இரகசியமாக விசாரித்ததும் எனக்குத் தெரியும்.

புதுக் கந்தோருக்குப் போகவேண்டிய முதல் திங்கட்கிழமை விடிய, நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மகள் நித்திரைக் கண்ணோடு, நேற்றைய பேக்கரிப் பணிஸ் ஒன்றைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள். என்னைக் கண்டு திடுக்கிட்டாள்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையோ?"

"இல்லை. திங்கட்கிழமை."

அவள் பணிசை ஒரு கடி கடித்தாள்.

"அப்ப கந்தோரால கலைச்சுப்போட்டாங்களோ?"

"ஓம்," என்றேன். "கலைச்சுப்போட்டாங்கள்."

வேலையால் துரத்திவிடப்பட்ட ஆள், பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து குந்தி, பணிசை இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டை என் வாயில் வைத்தாள்.